குஷன் குழி விழுகிறதா, கவர் நழுவுகிறதா? பழைய சோபாவுக்கும் நாற்காலிக்கும் வீட்டுத் தையல் வைத்தியம்

கைமாறி வந்த சோபா வீட்டு வாசலில் இறங்கியதும் எல்லோரும் சொல்வது, "துணியை மாற்றிவிட்டால் புதுசு மாதிரி ஆகிவிடும்" என்பதுதான். நானும் அப்படி நம்பித்தான் ஆரம்பித்தேன். பல சோபாக்களையும் நாற்காலிகளையும் பிரித்துத் தைத்த பிறகுதான் புரிந்தது, துணியில் தெரிகிற கோளாறுக்கு மூலம் பெரும்பாலும் துணிக்கு அடியில் இருக்கிறது. கத்தரியை எடுப்பதற்கு முன் அதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி துணி மிச்சம்.

அதனால் இதைக் கோளாறு வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் சோபாவில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில் வரும், கையைக் கடிக்கிற வேலை கடைசியில். சாதாரண வீட்டுத் தையல் மெஷின், தையல் பிரிக்கும் கொக்கி, அரைவட்டமாக வளைந்த ஊசி ஒன்று, இன்ச் டேப், குறடு, ஸ்டேப்ளர், ஒரு டார்ச். இவ்வளவு இருந்தால் போதும்.

## தையலோரத்தில் கறுப்புப் புள்ளிகள்

இதை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவரும் முன்பே பார்த்துவிடுங்கள். குஷன் ஓரத்தில் கயிறு மாதிரி ஓடுகிற துணிப் பட்டையை, அதாவது பைப்பிங்கை, விரலால் விலக்கி டார்ச் அடியுங்கள். ஜிப்பின் இரு பக்கம், சோபாவின் அடியில் துணியை ஸ்டேபிள் அடித்த வரிசை, திருகு ஓட்டைகள் என எல்லாவற்றையும் பாருங்கள். பேனா முனையால் தொட்டு வைத்த மாதிரி புள்ளிகள் இருக்கின்றனவா? ஈரத் துணியால் ஒன்றைத் துடையுங்கள்.

துடைத்ததும் துருப்பிடித்த நிறத்தில் இழுபட்டுப் பரவினால் அது மூட்டைப்பூச்சியின் எச்சம். பக்கத்திலேயே உரித்துப் போட்ட மெல்லிய தோலும் வெள்ளை ரவை மாதிரி முட்டையும் தெரியும். கழற்ற முடிகிற கவரை 60 டிகிரி வெந்நீரில் துவைத்துச் சூடாக உலர்த்தினால் அதிலிருப்பவை செத்துவிடும். சட்டத்துக்குள் போனவற்றைத் தையலால் ஒன்றும் செய்ய முடியாது, பூச்சி ஒழிப்பவரைக் கூப்பிட வேண்டியதுதான். மூடி ஓர் ஓரமாக வைத்தால் பட்டினியில் செத்துவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அவை மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும்.

புள்ளி இல்லை, ஆனால் அடியில் மரத்தூள் கிடக்கிறது என்றால் சுத்தமாகப் பெருக்கிவிட்டுக் கீழே ஒரு வெள்ளைத் தாளை விரித்து ஒரு வாரம் விடுங்கள். தாளில் புதிதாகத் தூள் விழுந்திருந்தால் மரத்துக்குள் பூச்சி இன்னும் வேலை செய்கிறது. அதைத் தீர்க்காமல் மேலே துணி போடுவது வீண்.

## உட்கார்ந்தால் குழி விழுகிறது

குஷனை எடுத்துச் சமமான தரையில் போட்டு அதன்மேல் உட்காருங்கள். இந்த ஒரு சோதனையே மீதி வழியைக் காட்டிவிடும்.

### தரையிலும் குழி விழுந்தால்

ஃபோம் தளர்ந்துவிட்டது. ஜிப்பைத் திறந்து கையை உள்ளே விடுங்கள். முஷ்டியால் அழுத்தி எடுத்ததும் ஃபோம் சட்டென்று எழுந்தால் இன்னும் உயிர் இருக்கிறது, பள்ளம் அப்படியே நின்றால் இல்லை. ஒருமுறை ஒரு பழைய குஷனுக்குள் கையை விட்டு எடுத்தபோது முழங்கை வரை மஞ்சள் மாவு. ஃபோம் பொடிப்பொடியாக உதிர்ந்து, ஓரங்களில் மட்டும் சட்டம் மாதிரி நின்றிருந்தது. அப்படிப்பட்டதை முகமூடி போட்டுக்கொண்டு வெளியில் வைத்துப் பிரியுங்கள்.

உயிர் இருக்கிற ஃபோம் என்றால் முதலில் குஷனைத் திருப்பிப் போட்டு, இடம் மாற்றிப் பாருங்கள். எல்லோரும் உட்காருகிற மூலையில் ஒரே குஷன் ஆண்டுக்கணக்காக அடி வாங்கியிருக்கும். அது போதவில்லை என்றால் ஃபோமைச் சுற்றிப் பாலியஸ்டர் பஞ்சு ஷீட் ஒரு சுற்றுச் சுற்றி, ஓரங்களைக் கையால் பெரிய ஓட்டுத்தையலாகப் பிடித்துவிடுங்கள். சுருங்கித் தொங்குகிற கவர் இதிலேயே நிமிர்ந்துவிடும். பாதி குஷன்களுக்கு வேலை இத்தோடு முடிந்தது.

செத்த ஃபோம் என்றால் புதிது வாங்க வேண்டும். கடையில் "கெட்டியாக வேண்டும்" என்று மட்டும் கேட்காதீர்கள். கெட்டித்தன்மை வேறு, அடர்த்தி வேறு. கெட்டியாக இருக்கும் மலிவான ஃபோம் ஆறு மாதத்தில் தட்டையாகிவிடும். தினமும் உட்காருகிற இருக்கைக்கு ஒரு கன மீட்டருக்கு 32 கிலோவுக்குக் குறையாத அடர்த்தி வேண்டும், 40 கிடைத்தால் நல்லது. முதுகுப் பக்கத்துக்கு அதைவிடக் குறைந்தது போதும்.

அளவு எடுக்கும்போது பழைய ஃபோமை அளக்காதீர்கள். அது சுருங்கியிருக்கும். கவரைத் தையலிலிருந்து தையல் வரை அளந்து, நீளத்திலும் அகலத்திலும் 1 சென்டிமீட்டர் கூட்டி வெட்டச் சொல்லுங்கள். அப்போதுதான் கவர் விறைப்பாக நிற்கும். புது ஃபோம் கவருக்குள் போக மறுத்தால் அதை மெல்லிய பிளாஸ்டிக் உறையில் சுற்றி நுழைத்து, மூலைகள் சரியாக உட்கார்ந்ததும் உறையை உருவிவிடுங்கள். வியர்க்க விறுவிறுக்கத் தள்ள வேண்டியதில்லை.

### தரையில் நன்றாக இருக்கிறது, சோபாவில்தான் குழி

அப்படியானால் குஷன்மேல் பழி போடாதீர்கள். சோபாவைக் கவிழ்த்து, அடியில் இருக்கிற மெல்லிய கறுப்புத் துணியின் ஒரு பக்கத்து ஸ்டேபிள்களைப் பிடுங்குங்கள். துணியைக் கிழிக்க வேண்டாம், திரும்ப அதையே அடிக்கலாம்.

உள்ளே நாடாப் பட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றாகக் கையால் இழுத்துப் பாருங்கள். தளர்ந்த பட்டை மட்டும் தொளதொளவென்று வரும். பக்கத்திலேயே புதுப் பட்டையை நன்றாக இழுத்து அடித்துவிடலாம். வளைந்து வளைந்து போகிற கம்பி ஸ்பிரிங் என்றால் பெரும்பாலும் முனை கிளிப்பிலிருந்து கழன்றிருக்கும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு குறடால் இழுத்து மாட்டுங்கள். கை நழுவினால் அந்தக் கம்பி கண்ணைப் பார்த்துத்தான் வரும்.

எல்லாமே தளர்ந்திருந்தால் குஷனுக்கு அடியில் ஓர் ஒட்டுப்பலகையை வைத்து நாட்களை ஓட்டலாம். இருக்கை கட்டாந்தரை மாதிரி ஆகும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இங்கே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்: உள்ளே கயிறு போட்டு ஒன்றோடொன்று கட்டிய சுருள் ஸ்பிரிங் இருந்தால், அல்லது சட்டத்தின் குறுக்குக் கட்டை விரிசல் விட்டிருந்தால். கயிற்றில் ஒரு முடிச்சை அவிழ்த்தால் மற்றவை வரிசையாக எம்பும். அது சோபா வேலை தெரிந்தவர் கை. விரிசலுக்குத் தச்சர்.

### ஒரு பக்கம் மட்டும் சாய்கிறது

காலைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். திருகு தளர்ந்திருந்தால் இறுக்கினால் தீர்ந்தது. இணைப்பே ஆடுகிறது என்றால் பழைய பசையை முழுக்கச் சுரண்டிவிட்டு மரப்பசை வைத்து, இறுகக் கட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். பழைய பசையின் மேலேயே ஊற்றினால் பிடிக்காது.

## நாற்றம் போகவில்லை

கவர், ஃபோம், மரம் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து வைத்து முகர்ந்து பாருங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், வேறு வழியில்லை.

கவர் மட்டும் நாறினால் துவைக்கலாம். அதற்கு முன் லேபிளைத் தேடுங்கள். பல சோபாத் துணிகளில் ஓர் ஆங்கில எழுத்து அச்சிட்டிருக்கும். டபிள்யூ என்றால் தண்ணீர் படலாம். எஸ் என்றால் தண்ணீர் கூடாது, டிரை கிளீனிங்கில் பயன்படுத்துகிற மாதிரி கரைப்பான்தான். இரண்டும் சேர்ந்திருந்தால் தண்ணீர், கரைப்பான் இரண்டில் எதையும் பயன்படுத்தலாம். எக்ஸ் என்றால் வேக்யூம் கிளீனரால் தூசி உறிஞ்சுவதோடு சரி.

ஃபோம் நாறினால் சமையல் சோடாவைத் தூவி ஒரு ராத்திரி விட்டு உறிஞ்சி எடுங்கள். இரண்டு தடவைக்கு மேல் முயலாதீர்கள். சிறுநீரோ பூஞ்சணமோ ஃபோமின் நடுவரை இறங்கியிருந்தால் வெளியே எதைத் தெளித்தாலும் மழைநாளில் திரும்ப வந்துவிடும். தூக்கிப் போட்டுவிட்டுப் புது ஃபோம் போடுவதே மலிவு. மரம் நாறினால் துணி போடாமல் காற்றோட்டத்தில் பல நாள் காயவிடுங்கள்.

## தையல் பிரிந்திருக்கிறது

பிரிந்த இடத்தின் இரு பக்கத்தையும் மெல்ல இழுத்துப் பாருங்கள். என்ன தெரிகிறது?

நூல் மட்டும் அறுந்திருக்கிறது, துணி நன்றாக இருக்கிறது. இது சுலபம். கவர் கழன்றால் உள்பக்கம் திருப்பி மெஷினில், பழைய தையலின் இரு முனைகளையும் 3 சென்டிமீட்டர் தாண்டி, அதே கோட்டில் ஓட்டுங்கள். கழலாத இடம் என்றால் வளைந்த ஊசி. இந்தப் பக்க மடிப்புக்குள் ஒரு சின்ன ஓட்டம், அந்தப் பக்க மடிப்புக்குள் ஒரு சின்ன ஓட்டம், நாலைந்து எடுத்த பிறகு நூலை இழுத்தால் வாய் தானாக மூடிக்கொள்ளும், தையல் வெளியே தெரியாது. பருத்தி நூல் வேண்டாம், பாலியஸ்டர் நூல் போடுங்கள். இருக்கையில் பருத்தி நூல் சீக்கிரம் அறுந்துவிடும்.

நூல் இருக்கிறது, துணியின் இழைகள் தையலைவிட்டு விலகிச் சல்லடை மாதிரி ஆகியிருக்கிறது. அதே இடத்தில் மறுபடி ஓட்டினால் அந்தப் பக்கமும் பிய்யும். தையலைப் பிரித்து, உள்பக்கம் கெட்டியான பருத்திப் பட்டை ஒன்றை வைத்து, இன்னும் 1 சென்டிமீட்டர் உள்ளே தள்ளித் தையுங்கள். துணியின் ஓரத்தைக் கோணல் தையலால் (ஜிக்ஜாக்) அடைத்துவிடுங்கள்.

திரும்பத் திரும்ப அதே இடம் பிரிகிறது. கவர் சிறிசாக இருக்கிறது, அல்லது ஃபோமைப் பெரிசாகப் போட்டுவிட்டீர்கள். நூலைக் குறை சொல்லிப் பயனில்லை.

## ஜிப் மூடுகிறது, பின்னாலேயே திறந்துகொள்கிறது

பல் தேய்ந்ததாக நினைத்து முழு ஜிப்பையும் மாற்றுவார்கள். பெரும்பாலும் குற்றம் ஓடியில், அதாவது நாம் பிடித்து இழுக்கிற அந்த உலோகத் துண்டில்தான். அதை ஜிப்பின் ஆரம்பத்துக்குக் கொண்டுவந்து, பின்பக்கத்து இரு ஓரங்களையும் குறடால் மயிரிழை அளவுக்கு நெருக்குங்கள். ஒரு பக்கம், அப்புறம் மறு பக்கம், ஓட்டிப் பாருங்கள். அதிகம் நெருக்கினால் சிக்கி நின்றுவிடும். அதற்கும் கேட்கவில்லை என்றால் ஓடியை மட்டும் மாற்றலாம். பல் நடுவில் விழுந்திருந்தால்தான் முழு ஜிப். சோபாவுக்கு மீட்டர் கணக்கில் விற்கிற 5ஆம் எண் நைலான் ஜிப் சரியாக இருக்கும்.

## ரெக்சின் செதில் செதிலாக உரிகிறது

இதற்கு வைத்தியம் இல்லை. மேல்பூச்சு துணியைவிட்டுக் கழன்றுவிட்டது. பசை, பெயின்ட், ஒட்டுத்துண்டு எதுவும் ஒரு மாதம் தாங்காது. மேலே துணிக் கவர் தைத்துப் போடுங்கள், அல்லது அந்தப் பலகத்தையே மாற்றுங்கள். பழையதைப் பிரித்து இஸ்திரி போடாமல் தட்டையாக விரித்தால் அதுவே உங்கள் அளவுக் காகிதம்.

புது ரெக்சினில் குண்டூசி குத்தாதீர்கள், ஓட்டை அப்படியே நிற்கும். துணிக் கிளிப் போதும். தையல் நீளத்தை 3.5 அல்லது 4 மில்லிமீட்டருக்கு வையுங்கள். நெருக்கித் தைத்தால் தபால்தலை ஓரம் மாதிரி கிழிந்து வந்துவிடும். மெஷின் பாதம் ஒட்டிக்கொண்டு நகராவிட்டால் மேலே மெல்லிய தாளை வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்து எடுங்கள். உண்மையான தோல் என்றால் நான் கை வைப்பதில்லை. நீங்களும் வைக்காதீர்கள்.

## மெஷின் சண்டை போடுகிறது

துணிக்கு அடியில் நூல் கூடு கட்டுகிறது. கீழ் நூலைத் திட்டாதீர்கள், மேல் நூல்தான் காரணம். பாதத்தைத் தூக்கிவிட்டு மேல் நூலை முழுக்கப் புதிதாகக் கோத்துவிடுங்கள். பாதம் இறங்கியிருக்கும்போது கோத்தால், நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் அது உட்காராது. பத்தில் எட்டு முறை எனக்கு இதுதான்.

தையல் விட்டு விட்டு விழுகிறது. ஊசியை மாற்றுங்கள். புது ஊசி என்றால் திருப்பிப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். கெட்டித் துணிக்கு 16ஆம் எண் ஊசி வேண்டும். சட்டைக்குப் போடுகிற 11இல் சோபாத் துணி தைக்க முடியாது. தையல் நீளம் 3 மில்லிமீட்டர்.

பைப்பிங் சேரும் மூலையில் ஏற மறுக்கிறது. அங்கே ஆறேழு அடுக்கு இருக்கும். உள்ளே விட்டிருக்கிற துணியின் ஓரங்களைப் படிப்படியாக வெட்டிக் குறையுங்கள். பாதத்தின் பின்பக்கம் மடித்த துணித்துண்டு ஒன்றைச் செருகினால் பாதம் சமமாக நிற்கும். பெடலை விட்டுவிட்டுக் கைச்சக்கரத்தைத் திருப்பி ஒவ்வொரு தையலாகத் தாண்டுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும், புது ஊசியில் மெல்லிய பருத்தித் துணியிலேயே தையல் விட்டுப்போனால் மெஷினின் நேரம் தவறியிருக்கிறது. ஊசியும் கொக்கியும் சந்திப்பது தப்புகிறது. மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

## புதுக் கவர் உட்காரவில்லை

ஒரு துவைப்புக்குப் பிறகு ஏறவில்லை. பருத்தி முதல் துவைப்பில் 5 சதவீதம் வரை சுருங்கும். 2 மீட்டர் நீளத்தில் அது 10 சென்டிமீட்டர். வெட்டும் முன்பே துவைத்து உலர்த்தியிருக்க வேண்டும். இப்போது செய்யக்கூடியது, பின்பக்கத் தையலைப் பிரித்து நடுவில் ஒரு பட்டை சேர்ப்பது. சுவர்ப் பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள்?

மூலைகள் நாய்க்காது மாதிரி நீட்டிக்கொள்கின்றன. சதுரமாகத் தைத்த மூலைக்குள் ஃபோமின் மூலை எட்டுவதில்லை. மூலைக்கு 8 சென்டிமீட்டர் முன்பிருந்தே தையலை மெல்ல உள்ளே வளைத்து, முனையில் 1 சென்டிமீட்டர் குறையுங்கள். மீதித் துணியை வெட்டிவிட்டுத் திருப்புங்கள்.

பைப்பிங் முறுக்கிக்கொண்டு சுருங்குகிறது. பைப்பிங் பட்டையை நேராக வெட்டியிருப்பீர்கள். துணியின் இழைக்கு 45 டிகிரி சாய்வாக, கிராஸில் வெட்டிய பட்டைதான் வளைவில் படியும்.

ஒரு குஷன் மட்டும் வேறு நிறமாகத் தெரிகிறது. வெல்வெட் என்றால் ஒரு துண்டைத் தலைகீழாக வெட்டிவிட்டீர்கள். கையால் தடவினால் ஒன்றில் வழவழப்பும் மற்றதில் சொரசொரப்பும் தெரியும். எல்லாத் துண்டிலும் மேலிருந்து கீழே தடவும்போது ரோமம் படிய வேண்டும். வெட்டும் முன்பே சுண்ணக்கட்டியால் அம்புக்குறி போட்டு வைத்தால் இந்த வயிற்றெரிச்சல் இல்லை.

உட்கார்ந்து எழும்போதெல்லாம் நழுவுகிறது. இருக்கையும் முதுகும் சேரும் பள்ளத்துக்குள் செருக 15 சென்டிமீட்டராவது துணி விட்டிருக்கிறீர்களா? இருந்தால், செருகிய பிறகு நீளமாகச் சுருட்டிய ஃபோம் துண்டோ கெட்டியான தாள் சுருளோ வைத்து அழுத்துங்கள். அதுவும் வெளியே வந்தால் கவரின் நான்கு மூலையிலும் நாடா தைத்து சோபாவின் அடியில் கட்டுங்கள். துணி விடவே இல்லை என்றால் அந்தப் பள்ளத்தில் தையலைப் பிரித்துப் பட்டை சேர்க்க வேண்டும். வெளியே தெரியாத இடம், எந்தத் துணியாக இருந்தாலும் சரி.

## நாற்காலி இருக்கை திரும்பப் பொருந்தவில்லை

சாப்பாட்டு மேசை நாற்காலிதான் கற்றுக்கொள்ள நல்ல இடம். அடியில் நாலு திருகைக் கழற்றினால் இருக்கைப் பலகை தனியாக வந்துவிடும். நானும் முதலில் அதில்தான் ஆரம்பித்தேன், பழைய துணி நன்றாக இருக்கிறதே என்று அதன் மேலேயே புதுத் துணியை இழுத்து அடித்தேன். இருக்கை சட்டத்துக்குள் இறங்கவில்லை. மேலே ஏறி நின்று மிதித்தேன். கிர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், சட்டத்தின் முன்கட்டை இணைப்பில் வாய் திறந்தது. கடைசியில் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தால், எனக்கு முன்பே மூன்று பேர் அதே வேலையைச் செய்திருக்கிறார்கள். பழுப்புக் கட்டம், பச்சைப் பூ, சிவப்பு ரெக்சின், அதன்மேல் என்னுடையது.

அதனால் இருக்கை இறங்கவில்லை என்றால் முதலில் ஓரத்தில் அடுக்குகளை எண்ணுங்கள். பழையதை எல்லாம் உரித்துவிட்டு ஒரே துணி. மூலையில் மடிப்பு தடித்திருந்தால் உள்மடிப்பை வெட்டிக் குறையுங்கள்.

அடுக்கு ஒன்றுதான், இருந்தும் பொருந்தவில்லையா? வேறு நாற்காலியின் இருக்கையைப் போடுகிறீர்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர் வித்தியாசப்படும், திருகு ஓட்டையும் மாறும். கழற்றும்போதே பலகையின் அடியிலும் சட்டத்தின் உள்பக்கத்திலும் ஒரே எண்ணை எழுதுங்கள்.

பொருந்துகிறது, ஆனால் மேலே துணி அலை அலையாக இருக்கிறது என்றால் ஸ்டேபிள் அடித்த வரிசை தவறு. முன்பக்க நடுவில் ஒன்று, பின்பக்க நடுவில் ஒன்று, இடது, வலது. அப்புறம் நடுவிலிருந்து மூலையை நோக்கி, எதிரெதிர் பக்கமாக மாறி மாறி. மூலை கடைசி. ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறு பக்கம் போனால் கோடு போட்ட துணி கட்டாயம் கோணிக்கொள்ளும். பலகை 12 மில்லிமீட்டர் என்றால் 8 மில்லிமீட்டர் ஸ்டேபிள் போதும். பலகையின் தடிமனைவிட நீளமானது மேலே எட்டிப் பார்த்து, உட்காருகிறவருக்குத்தான் முதலில் தெரியும்.